ஐந்நூறாவது நாள்

வாசல் பலகையில் 499-ஐக் கழற்றிவிட்டு 500 என்று மாட்டியிருந்தார்கள்.

யாருக்கும் காயமில்லாமல் அந்த மீன் தொழிற்சாலை ஓடிய நாட்களின் எண் அது. மதியம் கேண்டீனில் பாதாம் கேக் உண்டு. காலைப் படகிலேயே அக்கரையிலிருந்து வந்து இறங்கிவிட்டது. ஷிப்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அட்டைப் பெட்டியின் நீள அகலத்தைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள்.

யூருன் பலகையை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே நுழைந்தாள். அந்த எண் பொய். அது பொய் என்று அவளுக்குத் தெரியும், காயம்பட்ட டைவாவுக்குத் தெரியும், ஹல்வருக்கும் தெரியும்.

ஹல்வரிடம் சொன்னது யூருன்தான். சனிக்கிழமை அவன் வீட்டுக்கே போய், சமையலறை மேஜையில் உட்கார்ந்து சொன்னாள். போன வாரம் நாம் அவளை விட்டுவந்தது அந்த மேஜையருகேதான்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நினைத்தால் இன்னும் அவளுக்கு உள்ளங்கால் கூசியது. சால்மன் மீனுக்குக் குடல் எடுக்கிற மெஷினில் ஒரு மீன் குறுக்கே சிக்கிக்கொண்டது. டைவா மூடியைத் திறந்து கையை விட்டாள். மூடி திறந்த நொடியிலேயே நின்றிருக்க வேண்டிய கத்தி நிற்கவில்லை. கையுறையைப் பிடுங்கிக்கொண்டு சுற்றியது. நடுவிரல் நுனிச் சதையும் கொஞ்சம் அதோடு போனது. அரை அங்குலம் தள்ளி இருந்திருந்தால் கையே போயிருக்கும்.

ஓடிப்போன யூருன், மூடியின் ஓரத்தில் சென்சார் மேல் ஒரு சின்னக் காந்தம் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். மூடி திறந்திருந்தாலும் மூடியே இருப்பதாக மெஷினை ஏமாற்றுகிற காந்தம். அது இருந்தால் மீன் சிக்கும்போதெல்லாம் வேலை நிற்காது.

டைவா வலிக்காக அழவில்லை, பயந்து அழுதாள். லித்துவேனியாவிலிருந்து ஏஜென்சி மூலமாக வந்தவள் அவள். திங்கட்கிழமை ஐந்நூறு, எல்லாருடைய கேக்கையும் கெடுத்தவள் என்ற பேர் தனக்கு வேண்டாம், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். விரலில் டேப்பைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் போய் அதே இடத்தில் நின்றாள்.

ஆனால் சொல்ல வேண்டியது யூருனின் கடமை. மூன்று வாரத்துக்கு முன்பு அவளைப் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் பல் டாக்டரிடம் போயிருந்த நாளாகப் பார்த்துக் கூட்டம் நடந்தது. வராதவர் தலையில் பொறுப்பைக் கட்டிவிடுவது கிராவோயா தீவில் வழக்கம். ஐந்து நாள் பயிற்சியில் இரண்டு நாள்தான் முடிந்திருந்தது. அந்த இரண்டு நாளில் ஏழெட்டுத் தடவை காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். எதுவானாலும் எழுதிக் கொடுங்கள்.

யூருன் எழுதவில்லை. தீவில் இருப்பது ஒரே கடை, ஒரே படகுத்துறை. தொழிற்சாலையின் மேனேஜர் ஹல்வர் அவளுக்குப் பெரியம்மா மகன். கூடப் பிறந்த அண்ணன் மாதிரி வளர்ந்தவனிடம் போய்த் தாளை நீட்டுவது எப்படி? அதனால் வாஃபிள் சாப்பிட்டு, இரண்டு காப்பி குடித்து, யார் மனமும் நோகாதபடி விஷயத்தை மெதுவாக எடுத்து வைத்தாள்.

"நல்லவேளை என்கிட்ட வந்தே. திங்கக்கிழமை நான் பாத்துக்கறேன்" என்று அவன் தோளைத் தட்டி அனுப்பினான்.

சொன்னபடியே பார்த்துவைத்திருந்தான்.

மெஷினில் காந்தம் இல்லை. ஒட்டியிருந்த இடத்தைத் துடைத்து, பசையின் சுவடுகூட இல்லாமல் செய்திருந்தார்கள். ஒரு நிமிடம் யூருனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு மெஷின் முன்னால் நிற்பது டைவா இல்லை என்பதைக் கவனித்தாள். நாற்பது வயதிருக்கும் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். கேட்டதற்கு லினாஸ் என்றான். நேற்றுத்தான் வேறு ஊரிலிருந்து ஏஜென்சி அனுப்பியதாம்.

டைவா எங்கே என்று ஃபோர்மேனிடம் கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் மாடியைக் காட்டினார்.

மாடி அறையில் ஹல்வர் இருந்தான். சுவர்த் திரையில் ஏஜென்சிப் பெண் ஒருத்தி இருந்தாள். மேஜையில் ஒரு தாள், அதன் மேல் ஒரு பேனா. டைவா காயம்பட்ட கையை மடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யூருன் யாரையும் கேட்காமல் தாளை எடுத்துப் படித்தாள். மெஷின் ஓடும்போது மூடியைத் திறந்து கைவிட்டது பாதுகாப்பு விதிமீறல். அதனால் இன்றோடு டைவாவின் வேலை முடிகிறது. இரண்டரை மணிப் படகில் கிளம்பலாம். காயம் என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை. காந்தம் என்ற சொல்லும் இல்லை. சனிக்கிழமை யூருன் வாயால் சொன்னதில் பாதியை மட்டும் பொறுக்கி எடுத்திருந்தார்கள்.

"கையெழுத்துப் போடாதே டைவா" என்றாள். குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

ஹல்வர் கோபப்படவில்லை. "யூருன், நீ பாதுகாப்பைப் பாரு. ஆள் வெச்சுக்கறதும் அனுப்பறதும் ஏஜென்சி பாடு."

"இந்தக் கூரைக்குக் கீழ வேலை பாக்கற எல்லாருக்கும் நான்தான் பிரதிநிதி. ஏஜென்சி ஆளுங்களுக்கும் சேத்துத்தான். ரெண்டாம் நாள் வகுப்புல சொன்னாங்க."

"மூணாம் நாள் என்ன சொன்னாங்க?"

"இன்னும் போகல."

திரையிலிருந்த பெண் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

யூருனின் காது மடல் சுட்டது. இருந்தாலும் தெரிந்த அளவுக்குச் சொன்னாள். இப்படிப்பட்ட பேச்சுக்குக் கூப்பிட்டால் துணைக்கு ஒருவரை அழைத்துவர டைவாவுக்கு உரிமை உண்டு. கொடுத்த இடத்திலேயே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம். ஹல்வர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் படகு இரண்டரைக்குத்தான் என்றான். தங்கியிருந்த அறையின் சாவியை ஏற்கெனவே வாங்கியாயிற்று.

டைவா பேனாவை எடுத்தாள், கையெழுத்துப் போடாமலே தாளின் மேல் திருப்பி வைத்தாள். வெளியே வரும்போது மட்டும் வாயைத் திறந்தாள்.

"சொல்லாதீங்கன்னு உங்களைக் கெஞ்சினேன்ல."

படியிறங்கும்போது யூருனுக்கு ஒன்று புரிந்தது. சொன்னது தப்பில்லை. சொன்ன விதம்தான் தப்பு. நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால் காந்தமும் காயமும் வெள்ளிக்கிழமை தேதியோடு தாளில் இருந்திருக்கும். வாஃபிள் தட்டோடு சேர்த்து அவற்றைக் கழுவி வைக்க முடிந்திருக்காது.

ஒன்பதரைக்கு அவள் கணவன் ஸ்டைனார் போன் செய்தான். உயிர்மீனைத் தொட்டியில் சுமந்து வரும் கப்பலுக்கு அவன்தான் கேப்டன். விடியற்காலையிலிருந்து தொழிற்சாலைத் துறையில் நிற்கிறான்.

"என்னடி, உள்ள எல்லாரும் தூங்கறீங்களா? நாப்பதாயிரம் மீனை வெச்சிக்கிட்டு நான் இங்க தாலாட்டுப் பாடிட்டிருக்கேன்."

காந்தம் இல்லாததால் மீன் சிக்கும்போதெல்லாம் மெஷின் நிற்கிறது, முறைப்படி ஓட்டினால் இவ்வளவுதான் வேகம் என்றாள் யூருன். அப்படியானால் இத்தனை நாள் எப்படி ஓடியது என்று அவன் கேட்டான். அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று போனை வைத்தாள்.

பதினொன்றரைக்கு எல்லோரையும் கேண்டீனுக்குக் கூப்பிட்டார்கள். ஹல்வர் இரண்டு நிமிடம் பேசினான். இது ஒவ்வொருவருடைய கவனத்துக்கும் கிடைத்த பலன் என்றான். கைதட்டினார்கள். டைவா கேண்டீனுக்கு வரவில்லை. உடை மாற்றும் அறையில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

யூருன் தட்டை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். கூட்டத்தில் இன்னொருவனும் இல்லை. அவள் தம்பி ஐவின். தொழிற்சாலையின் டெக்னீஷியன் அவன். பாதாம் கேக் என்றால் சின்ன வயதில் அவளுடைய பங்கையும் பிடுங்கித் தின்றவன், இன்று கேக்குக்கே வரவில்லை.

தட்டை அப்படியே வைத்துவிட்டு அவள் கீழே இறங்கினாள்.

மெஷின் பக்கம் போய்ச் சேர்வதற்குள் இடைவேளை முடிந்து பெல்ட் நகரத் தொடங்கிவிட்டது. சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. காலை முழுவதும் விட்டு விட்டு வந்த சத்தம் இப்போது ஒரே இழுப்பாக வந்தது. லினாஸ் ஒரு கையால் மூடியைத் தூக்கி, மறு கையை உள்ளே நீட்டப் போனான்.

மூடி திறந்திருந்தது. கத்தி சுற்றிக்கொண்டிருந்தது.

யூருன் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் இருவரும் ஈரத் தரையில் சறுக்கினார்கள். எழுந்த கையோடு சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள்.

மொத்த ஹாலும் அடங்கியது. பெல்ட்டில் மீன்கள் வால் தொங்க அப்படியே நின்றன. நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். கூட்டத்தில் பேசுவதென்றால் தன் முறை வருவதற்குள் கழிப்பறைக்குப் போய்விடுகிற பெண் அவள்.

சென்சார் மேல் காந்தம் இருந்தது. அதே காந்தம். இந்தத் தடவை முதலில் போனை எடுத்துப் படம் பிடித்தாள். மூடி, காந்தம், சுவர்க் கடிகாரம் எல்லாம் ஒன்றாக விழுகிற மாதிரி மூன்று படம். பிறகு குப்பைத் தொட்டியோரம் கிடந்த கேக் பெட்டியின் மூடியைக் கிழித்து, மார்க்கரால் எழுதினாள். தேதி, மணி, மெஷின் எண், கத்தி நிற்கவில்லை, வேலை நிறுத்தப்பட்டது, தன் பெயர். அதைப் பொத்தானின் மேல் மாட்டினாள்.

ஹல்வர் வந்துவிட்டான். சட்டையில் பாதாம் தூள் ஒட்டியிருந்தது.

"என்ன பண்றே நீ?"

"பாதுகாப்புப் பிரதிநிதியா இந்த வேலையை நிறுத்தறேன். உங்களுக்கு நேர்ல தெரிவிக்கறேன்." கண்ணாடி முன் நின்று பழகிய வாக்கியம். ஆனாலும் நடுவில் மூச்சு வாங்கியது. "ஆபத்து போகற வரைக்கும், இல்ல ஆய்வுத் துறை வந்து சொல்ற வரைக்கும் இது ஓடாது."

"நாப்பதாயிரம் மீன் துறையில நிக்குது. நிறுத்தினா வர்ற நஷ்டம் யார் தலையில?"

"என் தலையில இல்லண்ணே. அதுவும் வகுப்புல சொன்னாங்க."

யாரோ பின்னால் கனைத்தார்கள். ஃபோர்மேன் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். லினாஸ் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹல்வர் அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குனிந்தான். சின்ன வயதில் படகில் கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்த அதே நிதானமான குரலில் பேசினான்.

"மேல எழுதறதுக்கு முன்னாடி உன் தம்பியை ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

கேக்குக்கு ஐவின் வராதபோதே யூருனுக்கு மனது சொன்ன பெயர்தான். அதை ஹல்வர் வாயால் கேட்டபோது வேறு மாதிரி இருந்தது.

ஆனாலும் அவள் முதலில் போனது தம்பியிடம் இல்லை. நடையோரம் நின்று தொழிலாளர் ஆய்வுத் துறைக்கு போன் செய்தாள். எடுத்தவர் விவரம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் ஆய்வாளரே கூப்பிடுவார் என்றார். மெஷினை யாரும் தொடக் கூடாது. காயம்பட்டவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்றும் கேட்டார்.

இரண்டரைப் படகுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. யூருன் உடை மாற்றும் அறைக்கு ஓடினாள். டைவா ஜாக்கெட்டின் பொத்தானை ஒற்றைக் கையால் போட்டுக்கொண்டிருந்தாள்.

நடந்ததைச் சொன்னாள். ஆய்வாளர் வந்தால் உன் விரலைப் பார்க்க வேண்டும், நீ வாயால் சொல்ல வேண்டும், இன்று போகாதே என்றாள். டைவா கேட்டுக்கொண்டே பொத்தானைப் போட்டு முடித்தாள்.

"எங்க தங்கறது? சாவியை வாங்கிட்டாங்க."

"எங்க வீட்டுல."

"உங்க புருஷன்?"

"நாப்பதாயிரம் மீனோட நிக்கறான். நீ ஒருத்தி கூட வந்தா அவனுக்குத் தெரியவா போகுது."

டைவா சிரிக்கவில்லை. ஆனால் பையைத் தரையில் வைத்தாள். யோசிக்கிறேன் என்றாள்.

பழுது பார்க்கும் அறை தொழிற்சாலையின் பின்புறம், தனிக் கொட்டகையில் இருந்தது. ஐவின் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டு அதன் முன் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"உன் வேலையா?" என்றாள்.

"ஆமா."

"எத்தனை நாளா?"

"கோடையிலேர்ந்து." நிமிராமலே சொன்னான். ஏற்றுமதி கூடிய மாதத்தில் ஹல்வர் வந்து கேட்டானாம். இரண்டு வாரத்துக்குத்தான் என்றானாம். பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை நடந்தது தனக்குத் தெரியாது என்றான். சனிக்கிழமை சாயங்காலம் ஹல்வர் கூப்பிட்டுக் காந்தத்தை எடுத்துவிடு என்றபோதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்தது. இன்று பதினொரு மணிக்கு, இந்தக் கப்பலுக்கு மட்டும் திருப்பி வை என்றான். வைத்தான்.

"மெசேஜ் ஏதாவது அனுப்பினானா? எழுத்துல?"

"நேர்ல சொன்னான்க்கா. போன்ல சொன்னான். அண்ணன் சொன்னா எழுதியா வாங்குவாங்க?" இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ மட்டும் சனிக்கிழமை எழுதியா கொடுத்தே?"

அவள் எதிரிலிருந்த டப்பாவின் மேல் உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றக்கூட மறந்திருந்தாள்.

ஐவின் குரலைத் தணித்துக்கொண்டான். ஹல்வர் மறுத்துவிடுவான், அப்புறம் எல்லாம் தன் தலையில் விழும், டெக்னீஷியன் சான்றிதழ் போய்விடும், இந்தத் தீவில் தனக்கு வேறு வேலை கிடையாது என்றான்.

"ஒண்ணு பண்ணு. யார் வெச்சாங்கன்னு தெரியலன்னு எழுது. மெஷின் நின்னாச்சு. இனிமே நான் சத்தியமா வெக்க மாட்டேன். அதுக்கு மேல உனக்கு என்னக்கா வேணும்?"

அவன் சொன்னது அவ்வளவு எளிதாக இருந்தது. மூன்று சொல். யாரும் அதைப் பொய் என்று சொல்லப்போவதில்லை. இன்னும் பத்து வருஷம் எல்லோரும் ஒரே கடையில் ரொட்டி வாங்கலாம்.

"யார் வெச்சாங்கன்னு தெரியலன்னா," என்றாள் மெதுவாக, "அந்த மெஷின் முன்னாடி நின்னவதான் வெச்சான்னு ஆகும். தாள் ஏற்கெனவே ரெடியா இருக்குடா. நான் படிச்சேன்."



போன் அடித்தது. ஆய்வாளர் ஒரு பெண். குரலில் அவசரமும் இல்லை, இரக்கமும் இல்லை. நாளைக் காலைப் படகில் வருகிறேன் என்றாள். படங்களை இப்போதே அனுப்பச் சொன்னாள். மெஷின் எந்த நிலையில் நிற்கிறது, யார் யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். யூருன் பதில் சொல்லச் சொல்ல எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"காந்தத்தை வைத்தது யாரென்று தெரியுமா?"

ஐவின் தலையை இடமும் வலமும் ஆட்டினான். கண்கள் சிவந்திருந்தன.

யூருன் அவனைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தெரியும். ஐவின். இங்க டெக்னீஷியன். என் தம்பி."

விசைப்பலகைச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

"அதை வைக்கச் சொன்னது யார்?"

"நான் சொன்னா அது கேள்விப்பட்ட பேச்சுத்தான். அவன் பக்கத்துலயே இருக்கான்."

போனைக் காதிலிருந்து எடுத்து, கையை நீட்டினாள். ஐவின் அதைத் தொடவில்லை. கொட்டகையின் ஜன்னல் வழியே, முற்றத்தைக் கடந்து ஹல்வர் வந்துகொண்டிருப்பது தெரிந்தது. மழையில் தலைகூட மூடாமல் வேகமாக வந்தான்.

"ஹலோ? இருக்கிறீர்களா?" என்றது போன்.

யூருன் நீட்டிய கையை மடக்கவில்லை.

ஐவின் ஜன்னலைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், போனைப் பார்த்தான். பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து, வலது கையிலிருந்த கிரீஸை ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினான். சுண்டு விரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவின் கைப்பிடி கீழே இறங்கியது.